சப்வெர்ஷனை விட்டுக் கிட்டுக்குப் போவது: வரலாறு சிதறாமல் ஒரு திறமூலத் திட்டத்தை மாற்றும் முழு வழிகாட்டி

சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன்), கிட் இரண்டுமே நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காத்து வைக்கும் மென்பொருள்கள். "எஸ்விஎன்-இல் இருந்து கிட்டுக்கு மாற மூன்றே கட்டளைகள்" என்கிற ரகத்தில் நிறையக் குறிப்புகள் கிடைக்கும். அந்த மூன்று கட்டளைகளும் பொய் இல்லை, ஓடவும் செய்யும். ஓடி முடித்த பிறகு திறந்து பார்த்தால் டேக் (ஒரு வெளியீட்டைக் குறிக்கும் அடையாளம்) எல்லாம் பிராஞ்சாக (தனியாக வளரும் கிளை) நிற்கும், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் லாகின் பெயர் இருக்கும், பத்து வருடம் முன்பு யாரோ தவறுதலாக ஏற்றி மறுநாளே அழித்த ஒரு பெரிய ஐஎஸ்ஓ ஃபைல் இனிமேல் குளோன் செய்கிற (முழு நகல் எடுக்கிற) ஒவ்வொருவர் டிஸ்கிலும் போய் உட்காரும்.

பத்துப் பதினைந்து வருட எஸ்விஎன் வரலாறு, அதற்கு முன்னால் கொஞ்சம் சிவிஎஸ் (அதே வகையில் இன்னும் பழைய மென்பொருள்), கமிட் உரிமை (மாற்றத்தைப் பதிவு செய்யும் உரிமை) உள்ளவர்கள் இருபது முப்பது பேர், அதில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. இப்படி ஒரு திட்டத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நூறு ரிவிஷன் (எஸ்விஎன் வரிசை எண் போடும் பதிவு) உள்ள சின்னத் திட்டம் என்றால் அந்த மூன்று கட்டளைகளே போதும், இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விதி

பழைய ரெப்போவின் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) நகலில் தொடங்கி, முடிந்த கிட் ரெப்போ வரைக்கும் நடக்கிற எல்லாமே ஒரே ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். ஏதாவது தப்பாக வந்திருந்தால் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து ஓட்டுங்கள். முடிந்த கிட் ரெப்போவில் கையை வைத்து "இதை மட்டும் சரி பண்ணிடலாம்" என்று இறங்கக் கூடாது.

இதைச் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சின்ன நூலகத் திட்டத்தை மாற்றும்போது மூன்றாவது ஒத்திகையில் நான்கு டேக்குகள் தப்பான கமிட்டில் நின்றன. கையாலேயே நகர்த்தி வைத்தேன், ரெப்போ அழகாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து நிஜமாக மாற்றும் நாள் வந்தபோது, இடையில் எஸ்விஎன்-இல் புதிதாக ஐம்பது அறுபது கமிட் சேர்ந்திருந்ததால் திரும்ப முழுக்க ஓட்ட வேண்டி வந்தது. நான்கில் இரண்டைத்தான் ஞாபகமாக நகர்த்தினேன். விட்டுப்போன இரண்டில் ஒன்று ஒரு பராமரிப்பு வெளியீடு, அந்த டேக்கில் இருந்து பொதி (நிறுவத் தயாரான பேக்கேஜ்) தயாரிக்கிற ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார், அதற்குள் எல்லோரும் குளோன் செய்து முடித்திருந்தார்கள்.

1. எது போகிறது, எது போகவில்லை

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, ஆட்களிடம். கமிட் உரிமை உள்ளவர்கள், பொதி தயாரிப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தானியங்கி பில்டைப் பார்த்துக்கொள்பவர், இவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான கேடிஈ இதற்கு நல்ல உதாரணம். 2009 ஜூலையில் பத்து லட்சமாவது ரிவிஷனைத் தொட்ட மாபெரும் எஸ்விஎன் ரெப்போ அது. நிரல் எல்லாம் படிப்படியாகக் கிட்டுக்குப் போயும் மொழிபெயர்ப்புகள் மட்டும் எஸ்விஎன்-இலேயே இருக்கின்றன, தமிழ் மொழிபெயர்ப்பும் அங்கேதான். மொழிபெயர்ப்பாளருக்குத் தேவை தன் மொழியின் ஃபோல்டர் ஒன்று மட்டும், எஸ்விஎன்-இல் அதை மட்டும் தனியாக எடுக்கலாம். கிட்டில் குளோன் என்றால் இயல்பாக முழு ரெப்போவும் வரலாற்றோடு சேர்ந்து வரும். ஓடுகிற வண்டியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று விட்டுவைத்தது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

அதே காரணத்தால் ஒரே ரெப்போவா, பல ரெப்போவா என்பதையும் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் 2019 அக்டோபரில் மாறியபோது, சி மொழிக் கம்பைலரான கிளாங் உட்பட எல்லாத் துணைத் திட்டங்களையும் ஒரே கிட் ரெப்போவாகச் சேர்த்துக் கிட்ஹப்பில் வைத்தது, ஏனென்றால் ஒரு இடைமுகத்தை மாற்றினால் நான்கு துணைத் திட்டங்களிலும் ஒரே கமிட்டில் மாற்ற வேண்டியிருக்கும். கேடிஈ எதிர்த்திசையில் போய் ஒவ்வொரு செயலிக்கும் தனி ரெப்போ வைத்தது. நான் பார்க்கும் அளவுகோல் இதுதான்: இரண்டு ஃபோல்டர்கள் அடிக்கடி ஒரே கமிட்டில் மாறினால் சேர்த்து வையுங்கள், வெளியீட்டுத் தேதி தனித்தனி என்றால் பிரியுங்கள். இணையதளம், விளக்கப்படங்கள், மாநாட்டு ஸ்லைடுகள் போன்றவை நிரலோடு ஒரே எஸ்விஎன் ரெப்போவில் குடியிருந்தால் கண்டிப்பாகப் பிரியுங்கள்.

வரலாற்றையே கொண்டு போகாமல் விடலாமா? விடலாம். லினக்ஸ் கெர்னல் 2005 ஏப்ரலில் பிட்கீப்பரை (இதே வேலை செய்யும் வணிக மென்பொருள்) விட்டுக் கிட்டுக்கு வந்தபோது 2.6.12-ஆர்சி2 என்ற நிலையில் இருந்து புதிதாகத் தொடங்கியது, பழைய வரலாறு தனி ரெப்போவாக இருக்கிறது, வேண்டியவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அது பிட்கீப்பரோடு உறவு முறிந்து அவசரத்தில் நடந்த மாற்றம், உங்களுக்கு அந்த அவசரம் இருக்காது. ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று பத்து வருடம் பின்னால் போய்ப் பார்க்கிற வசதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னொரு கோடியில் பேர்ல் மொழி இருக்கிறது: 2008 டிசம்பரில் பெர்ஃபோர்ஸில் (இன்னொரு வணிக மென்பொருள்) இருந்து கிட்டுக்கு வந்தபோது, சாம் விலைன் ஒரு வருடத்துக்கும் மேல் உழைத்து 1987-இல் வந்த பேர்ல் 1.0 வரைக்கும் வரலாற்றைத் தேடித் தொகுத்திருந்தார்.

இன்னொன்று, நிரலை மாற்றுகிற அன்றே வழுப் பட்டியலையும் மாற்றாதீர்கள். பைத்தான் 2017 பிப்ரவரி 10 அன்று கிட்டுக்கு வந்தது. வழுப் பட்டியல் கிட்ஹப்புக்கு வந்தது 2022 ஏப்ரலில். ஐந்து வருட இடைவெளி உங்களுக்கு வேண்டாம், ஒரே வார இறுதியில் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

2. கணக்கெடுப்பு

ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். மொத்தம் எத்தனை ரிவிஷன், டிரங்க் (முக்கியப் பாதை)-பிராஞ்சஸ்-டேக்ஸ் என்ற வழக்கமான ஃபோல்டர் அமைப்பு முதல் நாளில் இருந்தே இருந்ததா, நடுவில் யாராவது டிரங்கின் பெயரை மாற்றினார்களா, திட்டத்தின் ஃபோல்டர் வேறு இடத்துக்கு நகர்ந்ததா. மிகப் பெரிய இருபது ஃபைல்கள் எவை, அழிக்கப்பட்டவற்றையும் சேர்த்து. எக்ஸ்டர்னல்ஸ் (வேறு ரெப்போவில் இருந்து இழுத்து வரும் ஃபோல்டர்) எங்கெல்லாம் இருக்கிறது. என்னென்ன ஹூக் (கமிட் போன்றவை நடக்கும்போது சர்வரில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடுகிறது. எந்த ஸ்கிரிப்டெல்லாம் எஸ்விஎன் முகவரியை உள்ளே எழுதி வைத்திருக்கிறது.

கடைசிக் கேள்விக்குத்தான் ஆச்சரியங்கள் வரும். வெளியீட்டுத் தொகுப்பைத் தயாரிக்கிற ஒரு பழைய ஷெல் ஸ்கிரிப்ட், ரிவிஷன் எண்ணை எடுத்துப் பதிப்பு எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எழுதியவர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருக்கும், வேறு வேலைக்குத்தான்.

3. உள்ளூர் நகல்

நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு ஒத்திகைக்கும் சர்வரைக் குடையாதீர்கள். சர்வரில் நுழைய அனுமதி இருந்தால் எஸ்விஎன்-அட்மின் கருவியால் டம்ப் (முழு ரெப்போவும் ஒரே ஃபைலாக) எடுத்து உங்கள் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். படிக்கும் அனுமதி மட்டும்தான் என்றால், நெட்வொர்க் வழியாக நகல் எடுக்கும் எஸ்விஎன்-சிங்க் போதும். காலி ரெப்போ ஒன்றை உருவாக்கி, அதில் ரிவிஷன் பண்புகளை மாற்ற அனுமதிக்கும் ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் ஹூக்கை வைத்து, பிறகு சிங்க். அந்த ஹூக் இல்லாமல் அது தொடங்கவே தொடங்காது, முதல் முறை எல்லோரும் இடறுகிற கல் இதுதான். முதல் சிங்க் ஒரு இரவு முழுக்க ஓடலாம். அடுத்த முறை புதிதாக வந்ததை மட்டும்தான் எடுக்கும், மாற்றும் நாளில் இந்த வசதி பெரிய உதவி.

4. ஆசிரியர் பட்டியல்

மொத்த வேலையில் அதிக நாள் பிடிப்பது இதுதான். எஸ்விஎன் ஒரு கமிட்டுக்கு லாகின் பெயரை மட்டும்தான் வைத்திருக்கும். கிட்டுக்கு முழுப்பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஆகவே ஒரு வரிக்கு ஒருவர் என்று ஒரு ஃபைல்: இடதுபக்கம் லாகின், நடுவில் சமக்குறி, வலதுபக்கம் பெயர், கோணக் குறிகளுக்குள் மின்னஞ்சல். எஸ்விஎன் லாக்கை அமைதி முறையில் ஓட்டி, செங்குத்துக் கோடுகளுக்கு இடையில் இரண்டாவதாக வருவதை மட்டும் எடுத்து, வரிசைப்படுத்தி, மறுபடி வருவதை நீக்கினால் லாகின் பட்டியல் ஐந்து நிமிடத்தில் தயார். பெயர்களைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து வாரம்.

பழைய வெளியீட்டுக் குறிப்புகளில், நன்றிப் பட்டியல்களில், ஃபைல்களின் தலைப்பில் உள்ள காப்புரிமை வரிகளில் தேடுங்கள். கிடைத்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தப் பெயர், எந்த முகவரி இருக்கட்டும் என்று. இது வெறும் மரியாதைக்காக இல்லை. கிட் கமிட்டில் ஒருமுறை போன மின்னஞ்சல், உலகம் முழுக்க உள்ள நகல்களில் போய்விடும், பிறகு எடுக்க முடியாது. பதினைந்து வருடம் முன்பு கல்லூரி முகவரியில் கமிட் செய்தவர் இன்று வேறு பெயரில்கூட இருக்கலாம். பதில் வராதவர்களுக்கு லாகின் பெயரையே பெயராக வைத்து, திட்டத்தின் டொமைனில் ஒரு முகவரி போட்டுவிடுங்கள், யூகித்து எழுத வேண்டாம். பிறகு யாராவது வந்து திருத்தச் சொன்னால் மெயில்மேப் என்ற ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் லாக்கில் புதுப் பெயர் தெரியும், வரலாற்றைத் தொட வேண்டியதில்லை. கமிட்டுக்குள் பழையது அப்படியேதான் இருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு கண்ணிகள். ஒரே லாகினை இரண்டு பேர் வெவ்வேறு காலத்தில் பயன்படுத்தியிருப்பார்கள், அப்புறம் ஆசிரியரே இல்லாத கமிட்டுகள் சில இருக்கும், அதற்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரே ஒரு லாகின் எதிர்ப்பட்டால்கூட, மாற்றித் தரும் கருவியான கிட்-எஸ்விஎன் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ராத்திரி ஓட்டிவிட்டுப் படுத்தால் காலையில் நாற்பதாயிரமாவது ரிவிஷனில் முறைத்துக்கொண்டு நிற்கும்.

சிவிஎஸ் காலத்துச் செய்திகள் யுனிகோடில் இல்லாமல் இருக்கலாம். டிஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் தமிழ்க் குறிப்பு எழுதிய காலம் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது என்ன தலைவலி என்று தெரியும். எந்தக் குறியாக்கம் என்பதை ஸ்கிரிப்டிலேயே சொல்லி மாற்றிவிடுங்கள்.

5. கருவி

மூன்று கருவிகளைத்தான் நான் பொருட்படுத்துவேன்.

கிட்-எஸ்விஎன் கிட்டோடேயே வருகிறது. ஒழுங்கான அமைப்பு, சில ஆயிரம் ரிவிஷன் என்றால் இதுவே போதும். ஒவ்வொரு ரிவிஷனாகக் கேட்டு வாங்குவதால் மெதுவாகத்தான் போகும். டேக்குகளை பிராஞ்சாகத்தான் வைக்கும், அவற்றை நிஜ டேக்காக மாற்றுவது உங்கள் ஸ்கிரிப்டின் வேலை. வேறு இடத்தில் இருந்து கிளைத்த பிராஞ்சுக்கு, பெயருக்குப் பின்னால் அட் குறியும் ஒரு ரிவிஷன் எண்ணும் ஒட்டிய விசித்திரமான துணை பிராஞ்சுகள் முளைக்கும்.

எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட், கேடிஈ தன் மாற்றத்துக்காக எழுதியது, எஸ்விஎன்டூகிட் என்றும் சொல்வார்கள். அதே பெயரில் கிட்-எஸ்விஎன்-ஐச் சுற்றி எழுதிய ரூபி கருவியும் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். இது உள்ளூர் ரெப்போவை நேரடியாகப் படிப்பதால் வேகம் அதிகம். எந்தப் பாதை எந்த ரெப்போவின் எந்த பிராஞ்சுக்குப் போக வேண்டும் என்று விதி ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும், "ரிவிஷன் 4000 வரை இந்தப் பாதை, அதன் பிறகு அந்தப் பாதை" என்றுகூட எழுதலாம். ஒரு ரெப்போவைப் பலவாகப் பிரிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ரெப்போசர்ஜன், எரிக் ரேமண்ட் எழுதியது. பெயருக்கேற்ற அறுவைக் கருவி: முழு வரலாற்றையும் நினைவகத்தில் ஏற்றி, கமிட்டுகளை ஒட்டலாம், வெட்டலாம், செய்திகளைத் திருத்தலாம். ஜிசிசி கம்பைலரின் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவிஷன்களுக்கு முதலில் இருந்த பைத்தான் வடிவம் தாங்கவில்லை என்று கோ மொழியில் திரும்ப எழுதினார்கள், 2020 ஜனவரியில் ஜிசிசி அதைக் கொண்டுதான் மாறியது. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். சிவிஎஸ் காலத்துக் குப்பை அதிகம் உள்ள ரெப்போவுக்கு அந்த நேரம் வீண் போகாது.

6. ஓட்டு, பார், திருத்து

முதல் ஒத்திகை முடிந்ததும் வரலாற்றை வரைபடமாகக் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் திறந்து, பழைய கமிட்டில் இருந்து நிதானமாக மேலே வாருங்கள்.

டேக்கில் தொடங்குங்கள். எஸ்விஎன்-இல் டேக் என்பது இன்னொரு ஃபோல்டர்தான், யார் வேண்டுமானாலும் அதற்குள் கமிட் செய்யலாம், செய்தும் இருப்பார்கள். வெளியிட்ட அன்று இரவு ரீட்மீயில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தம் உண்மையிலேயே வெளியான தொகுப்பில் இருந்ததா என்று பழைய தார் ஃபைலைப் பிரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், இருந்தது என்றால் டேக் அந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்க வேண்டும். குறிப்போடு கூடிய டேக்கை உருவாக்கும்போது தேதியை எஸ்விஎன் கமிட்டில் இருந்து எடுத்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 2005 வெளியீட்டில் இன்றைய தேதி விழும், ஒவ்வொரு ஒத்திகையிலும் டேக்கின் ஹாஷும் (கிட் கணக்கிட்டுத் தரும் அடையாள எண்) மாறிக்கொண்டே இருக்கும்.

மெர்ஜில் (ஒரு பிராஞ்சை இன்னொன்றோடு இணைப்பது) கவனம் தேவை. கிட்டில் மெர்ஜ் கமிட் என்பது "அந்த பிராஞ்சில் இதுவரை நடந்த அத்தனையும் இங்கே வந்துவிட்டது" என்கிற உறுதிமொழி. எஸ்விஎன்-இல் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள், கருவி அதை முழு மெர்ஜ் என்று தப்பாகப் புரிந்துகொண்டால், பிறகு நிஜமாகவே அந்த பிராஞ்சை மெர்ஜ் செய்யும்போது மீதித் திருத்தங்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். சந்தேகம் இருந்தால் சாதாரணக் கமிட்டாகவே விடுங்கள். மெர்ஜ் கோடு ஒன்று வராமல் போனால் பெரிய நஷ்டம் இல்லை, தப்பாக வந்தால் நஷ்டம். மெர்ஜ் விவரத்தை எஸ்விஎன் தானாகக் குறித்து வைக்கத் தொடங்கியது 2008-இல் வந்த 1.5 பதிப்பில்தான், அதற்கு முந்தைய மெர்ஜ் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியாது.

சிவிஎஸ்-இல் இருந்து வந்தவர்களுக்கு, ஒரு டேக்கையோ பிராஞ்சையோ உருவாக்க மாற்றக் கருவியே செயற்கையாகச் செய்த கமிட்டுகள் கிடக்கும், செய்தியில் சிவிஎஸ்டூஎஸ்விஎன் என்ற பெயர் இருப்பதை வைத்துப் பிடிக்கலாம். உள்ளடக்கம் எதுவும் மாறவில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

பெரிய ஃபைல்களை, வெளியிடுவதற்கு முன்னால் இப்போதே, வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவியான கிட் ஃபில்டர்-ரெப்போ கொண்டு எடுத்துவிடுங்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல் வரலாற்றில் எந்த மூலையில் இருந்தாலும் புஷ்ஷை (சர்வருக்கு அனுப்புவதை) மறுத்துவிடும், 50 எம்பிக்கே எச்சரிக்கும். வரலாற்றில் பாஸ்வேர்டு ஏதாவது கிடந்தால் அதையும் எடுங்கள். எடுத்தாலும் பாஸ்வேர்டை மாற்றித்தான் ஆக வேண்டும், எஸ்விஎன்-இல் அது இத்தனை வருடம் திறந்து கிடந்ததே.

மற்றவை சில்லறை. காலி ஃபோல்டரைக் கிட் வைத்துக்கொள்ளாது, பில்டுக்கு அது தேவை என்றால் உள்ளே ஒரு சின்ன ஃபைலைப் போடுங்கள். புறக்கணிப்புப் பட்டியல் எஸ்விஎன் பண்பாக இருந்திருக்கும், அதைக் கிட்-இக்னோர் ஃபைலாக மாற்ற வேண்டும். வரிமுடிவு விதிகள் கிட்-ஆட்ரிபியூட்ஸ் ஃபைலுக்குப் போக வேண்டும். எக்ஸ்டர்னல்ஸுக்குப் பதிலாக சப்மாட்யூல் (ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ) வைக்கலாம் என்பார்கள். எனக்கு அது பிடிக்காது, முடிந்தால் பேக்கேஜ் மேனேஜரிடம் விட்டுவிடுங்கள்.

செத்துப்போன பிராஞ்சுகளை என்ன செய்வது? ஜிசிசி செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அவற்றை வழக்கமான பிராஞ்ச் இடத்தில் வைக்காமல், டெட், டெலிட்டட் என்ற தனிக் குறிப்பு இடங்களில் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகக் குளோன் செய்பவருக்கு அவை இறங்காது, வேண்டியவர் கேட்டு எடுக்கலாம். எதுவும் தொலையவும் இல்லை, பட்டியல் முழுக்கக் குப்பையும் இல்லை.

7. சரிபார்ப்பு

கண்ணால் பார்த்தது போதாது. ஒவ்வொரு டேக்குக்கும், உயிரோடு உள்ள ஒவ்வொரு பிராஞ்சின் நுனிக்கும், எஸ்விஎன்-இல் இருந்து ஒரு ஏற்றுமதி, கிட்டில் இருந்து ஒன்று, இரண்டையும் டிஃப் செய்யும் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். வித்தியாசம் ஒன்றுகூட வரக்கூடாது, வந்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைக்க வேண்டும்.

முதல் முறை ஓட்டினால் நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்து நெஞ்சு அடைக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் டாலர் குறிகளுக்குள் இருக்கும் ஐடி, ரிவிஷன் போன்ற கீவேர்டுகள்தான். எஸ்விஎன் ஏற்றுமதி செய்யும்போது அந்த இடத்தில் எண்ணும் தேதியும் நிரப்பித் தருகிறது, கிட்டில் அது நிரப்பாத நிலையில் கிடக்கிறது. கீவேர்டைப் புறக்கணி என்ற தேர்வோடு ஏற்றுமதி செய்தால் அந்தக் கூட்டம் காணாமல் போகும். மிச்சம் இருப்பவைதான் நிஜம்: வரிமுடிவு, இயக்க அனுமதி தொலைந்த ஸ்கிரிப்டுகள் (டிஃப் அனுமதியைப் பார்க்காது, அதைத் தனியாக ஒப்பிடுங்கள்), எக்ஸ்டர்னல்ஸ் வழியாக வந்த ஃபோல்டர், தப்பான இடத்தில் கிளைத்த பிராஞ்ச்.

இன்னொரு சோதனை, இதைப் பலர் செய்வதில்லை. ஸ்கிரிப்டை அதே நகலின் மேல் இரண்டு முறை முழுக்க ஓட்டி, முக்கிய பிராஞ்சின் நுனி ஹாஷை ஒப்பிடுங்கள். நாற்பது எழுத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டின் ஹாஷ் என்பது உள்ளடக்கம், ஆசிரியர், தேதி, செய்தி, முந்தைய கமிட் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது, ஆகவே ஹாஷ் மாறினால் வரலாற்றில் எங்கோ ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் யாரோ ஒரு இடத்தில் இன்றைய தேதியைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

8. ரிவிஷன் எண்கள் எங்கே போகும்

வழுப் பட்டியலில் "ஆர்4127-இல் சரிசெய்யப்பட்டது" என்று ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கும். மாறிய பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போகக் கூடாது. கிட்-எஸ்விஎன் இயல்பாகவே ஒவ்வொரு செய்தியின் அடியிலும் முழு முகவரி, ரிவிஷன் எண், ரெப்போவின் அடையாள எண் எல்லாம் கொண்ட ஒரு நீள வரியைச் சேர்க்கும். "அசிங்கமாக இருக்கிறது" என்று அதை முழுசாக அணைக்கச் சொல்கிற வழிகாட்டிகள்தான் அதிகம், கேட்காதீர்கள். முகவரியை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் வையுங்கள். ஜிசிசி-யின் பழைய கமிட்டுகளில் "ஃப்ரம்-எஸ்விஎன்" என்று தொடங்கி ரிவிஷன் எண்ணோடு ஒரு வரி இருக்கும், தேடினால் உடனே கிடைக்கும். கூடவே எண்ணில் இருந்து ஹாஷுக்குப் போகும் ஒரு பட்டியல் ஃபைலையும் தயாரித்து வெளியிடுங்கள், பழைய இணைப்புகளைத் திருப்பிவிட அது உதவும்.

"ஏறிக்கொண்டே போகும் எண் இல்லாமல் எது முந்தியது என்று எப்படிச் சொல்வது?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2020 டிசம்பரில் தன் மூல நிரலைக் கிட்டுக்கு மாற்றியபோது இதற்கு எளிய வழி கண்டது: முக்கியப் பாதையில் உள்ள கமிட்டுகளை எண்ணி, 'என்' (n) என்ற ஆங்கில எழுத்தை முன்னால் போட்டுப் பதிப்புப் பெயரில் வைத்தார்கள்.

ஏற்கனவே யாராவது உங்கள் எஸ்விஎன்-க்கு ஒரு கிட் கண்ணாடி நகல் நடத்திக்கொண்டிருந்தால் அதையும் யோசியுங்கள். புது மாற்றத்தில் ஹாஷ்கள் எல்லாம் வேறாகத்தான் வரும், பழையதில் இருந்து ஃபோர்க் (தனி நகல்) எடுத்தவர்கள் தங்கள் வேலையைப் புதியதன் மேல் ரீபேஸ் செய்ய (திரும்ப அடுக்க) வேண்டும். ஜிசிசி-யிலும் அப்படித்தான் ஆனது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் திட்டு பாதியாகக் குறையும்.

9. இனி எப்படி வேலை செய்வது

இதை எழுதி வைக்காமல் மாறினால் முதல் வாரமே ரகளை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத் திட்டம் 2010 செப்டம்பரில் சிவிஎஸ்-இல் இருந்து கிட்டுக்கு வந்தது, ஆனால் வேலை முறையை மாற்றவில்லை: மெர்ஜ் கமிட் கிடையாது, வரலாறு நேர்கோடு. முதல் ஆறு மாதத்துக்கு எல்லோருக்கும் நான் இதையே சிபாரிசு செய்வேன். கருவியும் முறையும் ஒரே நாளில் மாறினால் பழைய ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு குறிப்பு போதும். செக்அவுட் செய்தவர் இனி என்ன செய்வார், அப்டேட் அடித்தவர் என்ன அடிப்பார், கமிட் செய்தால் மட்டும் சர்வருக்குப் போகாது, புஷ் செய்ய வேண்டும், இந்த மூன்றையும் தடித்த எழுத்தில் போடுங்கள். முக்கிய பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ்ஷை (ஏற்கனவே உள்ள வரலாற்றை மேலெழுதும் புஷ்) சர்வரிலேயே தடுத்துவிடுங்கள். கமிட் மின்னஞ்சல் பழைய வடிவத்திலேயே வந்துகொண்டிருக்கட்டும், அது நின்றுபோனால்தான் மூத்தவர்களுக்குக் கோபம் வரும்.

10. பால் காய்ச்சும் நாள்

வெளியீட்டுக்கு அடுத்த வாரத்தில் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் முன்பே ஒத்திகை ரெப்போ ஒன்றைப் பொதுவில் வைத்து, "இதில் விளையாடுங்கள், இது அழிக்கப்படும்" என்று பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

காலையில் எஸ்விஎன்-இல் ப்ரீ-கமிட் ஹூக் போடுங்கள்: என்ன கமிட் வந்தாலும் "இந்த ரெப்போ மூடப்பட்டது, புதிய முகவரி இது" என்று சொல்லி மறுக்க வேண்டும். நீங்களே ஒரு கமிட் முயன்று, மறுக்கிறதா என்று பாருங்கள். கடைசி ரிவிஷன் எண்ணைத் தாளில் எழுதுங்கள். சிங்க் ஓட்டி, உள்ளூர் நகலிலும் அதே எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், பிறகு சரிபார்ப்பு. பழைய கமிட்டுகளின் ஹாஷ் கடைசி ஒத்திகையோடு ஒத்துப்போக வேண்டும், புதிதாகச் சேர்ந்தவை மட்டும்தான் கூடுதல். ஒத்துப்போகவில்லை என்றால் ஹூக்கை எடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை என்று அறிவியுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஒத்துப்போனால் ஒருமுறை முழுக்க ரீபேக் செய்யுங்கள் (தரவை இறுக்கித் திரும்பக் கட்டுவது), வேகமாக இறக்கும் கருவிகள் கிட்டின் தரவுக் கட்டுகளைத் தளர்வாகத்தான் கட்டும், இதற்குப் பிறகு அளவு கண்கூடாகக் குறையும். புஷ் செய்யுங்கள். வேறொரு கணினியில், வேறொருவர், சுத்தமாகக் குளோன் செய்து பில்ட் எடுக்கட்டும். தானியங்கி பில்ட் பச்சை காட்டிய பிறகு மற்றவர்களுக்குப் புஷ் உரிமையைத் திறந்துவிடுங்கள்.

11. அடுத்த சில மாதங்கள்

பழைய எஸ்விஎன்-ஐப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள், டம்ப் ஒன்றை எடுத்து, செக்சம்மோடு இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆசிரியர் பட்டியலில் மின்னஞ்சல்கள் இருப்பதால் அதைத் தவிர்த்துவிட்டு, மாற்ற ஸ்கிரிப்டையும் விதி ஃபைலையும் பொதுவில் வெளியிடுங்கள்.

முதல் மாதத்தில் யாராவது வந்து "2008-இல் என் பெயர் தப்பாக இருக்கிறது", "அந்த பிராஞ்ச் தப்பான இடத்தில் ஒட்டியிருக்கிறது" என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். அப்போது வரலாற்றைத் திருத்தி ஃபோர்ஸ் புஷ் செய்யக் கை துறுதுறுக்கும். எல்லோரும் குளோன் செய்துவிட்டார்கள், தொடாதீர்கள். பெயருக்கு மெயில்மேப் இருக்கிறது, தப்பான ஒட்டுக்கு கிட் ரிப்ளேஸ் (ஒரு கமிட்டுக்குப் பதில் இன்னொன்றைக் காட்டும் கட்டளை) இருக்கிறது, மற்றதற்கு ரீட்மீயில் "தெரிந்த குறைகள்" என்று ஒரு பத்தி போடலாம். என் நூலகத் திட்டத்தில் அந்தத் தப்பான டேக் இன்றும் அப்படியே நிற்கிறது, பக்கத்தில் சரியான கமிட்டில் அதே பெயரோடு "-சரி" என்று ஒட்டிய இன்னொரு டேக் இருக்கிறது.